மருந்தின் விலையும் மருந்துக்கடையின் பாரமும்

சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ குளிசை போடுகின்ற ஒருவர் இல்லாத வீட்டை இன்று நம்மிடையே தேடித்தான் பிடிக்க வேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இக்கரைக்கு வந்து சேர்ந்தபோது முப்பது வயதாக இருந்தவர், இப்போது அறுபத்தைந்தைத் தொட்டுவிட்டார். அன்று அவருக்குத் தேவைப்பட்டவை கிடுகும் குடிதண்ணீரும் உலர் உணவு நிவாரணமும். இன்று அவருக்குத் தேவைப்படுவது மாதம் தவறாத மருந்து. ஆயினும் நிவாரண அட்டையைப் பற்றி எழுந்த அளவுக்கு மருந்துத் துண்டைப் பற்றி நமது கூட்டங்களில் பேச்சு எழுவதில்லை. நோய் ஒவ்வொருவருடைய சொந்த விடயம், அதன் செலவும் அவரவர் தலைவிதி என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம் போலும்.

வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் பெரும்பாலும் குடியமர்ந்த பிரதேசங்களில் முந்தலும் ஒன்று. உடப்பு அப்பிரிவைச் சேர்ந்தது. கரைவலையாலும் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பாலும் நாடறிந்த ஊர் அது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. நெல்லும் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட கைகளுக்கு இக்கரையில் சொந்த நிலம் இருக்கவில்லை. ஆகவே அவை கரைவலைக் கயிற்றையும் இறால் பண்ணை மண்வெட்டியையும் கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் பிறருடைய வெங்காயத்தையும் பிடித்தன. 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். சிலர் இரண்டு இடத்திலும் அரை அரையாக வாழ்கின்றார்கள். இங்கேயே நின்றுவிட்டவர்களும் பலர். எங்கே இருந்தாலும் இவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாட்கூலிகள். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. மருந்தின் உண்மையான விலையை அறிய விரும்புபவர் முதலில் இதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

நமது நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. உலகில் எத்தனையோ செல்வந்த நாடுகளில் இல்லாத கொடை அது. ஆனால் சிலாபத்திலோ புத்தளத்திலோ கிளினிக் நாளில் வரிசையில் நிற்பவருக்கு அந்த நாளின் கூலி போய்விடுகிறது. பஸ்சுக்குக் காசு வேண்டும். வயோதிபராயின் கூடவே ஒருவர் போக வேண்டும், அவருடைய கூலியும் போய்விடும். இவ்வளவும் கொடுத்தபின் ஐந்து வகை மருந்தில் மூன்றுதான் கையிருப்பில் உண்டு, மற்றவற்றை வெளியில் வாங்குங்கள் என்று ஒரு துண்டு எழுதிக் கொடுக்கப்படும். இலவச வைத்தியம் அந்தத் துண்டோடு முடிந்துவிடுகிறது.

அத்துண்டோடு ஊருக்குத் திரும்புபவர் எங்கே போவார்? பஸ் நிற்கும் சந்தியில், ஒரு தொலைபேசிக் கடைக்கும் ஒரு பலசரக்குக் கடைக்கும் நடுவில் இருக்கும் சிறு பாமசிக்குத்தான். அங்கே முதலாளி அவரை முறைசொல்லி அழைப்பார். முப்பது நாளைக்கு வாங்கக் காசில்லை என்றால் மூன்று நாளைக்கு வெட்டிக் கொடுப்பார். கொப்பியில் கடன் எழுதுவார். இவையெல்லாம் உண்மை. அதே முதலாளி, காய்ச்சலென்று வந்த பிள்ளைக்கு வைத்தியரின் துண்டு இல்லாமலே அன்டிபயோட்டிக் குளிசை நாலைக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பதும் உண்மை. மலிவான மருந்து இருக்க விலை கூடியதை எடுத்து நீட்டுவதும் நடக்கிறது. சின்ன முதலாளி என்பதற்காக அவரைப் புனிதராக்க வேண்டாம். ஆனால் அவர் கடை மூடப்பட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அப்படி மூடப்படும் நிலை பல இடங்களில் வந்திருக்கிறது.

சட்டம் கேட்பது என்ன?

மருந்துக்கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது புதிய விடயமன்று. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அதன் கீழ் அமைக்கப்பட்டது. பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் பொறுப்பில் கடை நடக்க வேண்டும், மருந்துகள் உரிய வெப்பநிலையில் வைக்கப்பட வேண்டும், குளிர்சாதனப் பெட்டி வேண்டும், பதிவேடுகள் வேண்டும், அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மருந்தாளர் இல்லாவிட்டால் அனுமதி புதுப்பிக்கப்படுவதில்லை. இந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் கடைகள் மூடப்படுகின்றன என்று தனியார் மருந்தக உரிமையாளர்கள் பல வருடங்களாகவே முறையிட்டு வருகின்றார்கள்.

நிபந்தனை பிழையானதா? இல்லை. குளிசை மிட்டாய் அல்ல. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மருந்துகளில் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு மூட்டுவலிக் குளிசை கொடுத்தால் மிச்சமிருக்கும் சிறுநீரகமும் போய்விடும். வயல் வேலை செய்தவர்களிடையே சிறுநீரக நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வட மத்திய மாகாணத்திலும் வன்னியிலும் உறவினர் உள்ள வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. படித்த ஒருவர் கடையில் நின்று, "ஐயா, உங்களுக்கு வேறென்ன வருத்தம் இருக்கிறது?" என்று கேட்பது ஏழைக்கு உள்ள உரிமை. நகரத்தில் உள்ளவருக்கு மருந்தாளர், கிராமத்தில் உள்ளவருக்கு மருந்தாளர் இல்லாமலும் சமாளிக்கலாம் என்று சொன்னால் அதை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. நிபந்தனையை விதித்தவர்கள் அதன் செலவை யார் தாங்குவது என்று சொல்லவில்லை.

கணக்கொன்று பார்ப்போம். நமது வீட்டுப் பெண்பிள்ளைகள் சிலர் இத்தகைய கடைகளில் உதவியாளராக நிற்கின்றார்கள். சட்டப்படி நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 30,000 ரூபாவுக்கு ஊழியர் சேமலாப நிதியத்துக்கு முதலாளி 12 வீதம், அதாவது 3,600 ரூபா கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 900 ரூபா. ஆக ஒரு பிள்ளையைச் சட்டப்படி வைத்திருக்க மாதம் 34,500 ரூபா. பிள்ளையின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் 8 வீதம் வேறு. மருந்தாளர் ஒருவர் இந்தச் சம்பளத்துக்கு வரமாட்டார். அவர் பட்டமோ டிப்ளோமாவோ பெற்றவர். நாட்டில் அத்தகையவர்கள் போதியளவு இல்லை, இருப்பவர்களும் நகரத்தை விட்டு வரத் தயங்குகின்றார்கள், வெளிநாடு செல்பவர்களும் உண்டு. பெரிய வலைப்பின்னலாகப் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு மருந்தாளரின் சம்பளம் ஆயிரம் செலவுகளில் ஒன்று. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் வந்துபோகும் கிராமக் கடைக்கு அதுவே முழு இலாபம்.

அதனால் கள்ளவழி ஒன்று பிறந்தது. எங்கோ இருக்கும் மருந்தாளர் ஒருவரின் சான்றிதழை மாதம் இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்துச் சுவரில் மாட்டிவிடுவது. சான்றிதழ் சுவரில், மருந்தாளர் வேறெங்கோ, உயர்தரம் கூடப் படிக்காத பிள்ளை கவுண்டரில். இது நாடு முழுவதும் அறியப்பட்ட இரகசியம். சட்டம் கடுமையாகும்போது வாடகை கூடுகிறதே தவிர, நோயாளிக்குப் பாதுகாப்பு ஒரு துளியும் கூடுவதில்லை. வாடகையும் கடைசியில் எங்கிருந்து வருகிறது? மூன்று நாளைக்கு வெட்டி வாங்கும் குளிசையிலிருந்துதான்.

இந்த இடத்தில் சிலர், சேமலாப நிதியையும் குறைந்தபட்சச் சம்பளத்தையும் சிறு கடைகளுக்குத் தள்ளுபடி செய்தால் என்ன என்று கேட்பதுண்டு. நாம் அதற்கு உடன்பட மாட்டோம். கவுண்டரில் நிற்பது நமது பிள்ளை. பத்து வருடம் நின்றுவிட்டுக் கலியாணத்துக்கோ வீட்டுக்கோ எடுக்க ஒரு சதமும் இல்லாமல் வெளியே வருவது என்ன நியாயம்? முதலாளியின் பாரத்தை எடுத்து அவரைவிடப் பலவீனமான ஒருத்தியின் தோளில் வைப்பது பாரத்தைக் குறைப்பதாகாது. வேறு நாடுகளில் ஆளின் அளவைப் பார்த்துப் பாரத்தை வைக்கும் முறை உண்டு. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஐம்பது முழுநேர ஊழியருக்குக் குறையாமல் வைத்திருக்கும் நிறுவனங்களே ஊழியருக்கு மருத்துவக் காப்புறுதி வழங்க வேண்டும் என்று வைத்தது, அதற்குக் கீழே உள்ளவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே அந்தச் சின்னக் கடை ஊழியருக்குக் காப்புறுதி எங்கிருந்து வரும் என்பது அவர்களுடைய தலையிடி. சின்னவருக்கு விலக்கு அளிப்பதில் வேலையாள் தவித்துப் போகும் ஆபத்து இருக்கிறது என்பதற்காகச் சொல்கின்றோம்.

பிபிலே காட்டிய வழி

மருந்து விலையைப் பற்றிப் பேசும்போது இந்நாட்டவர் எவரும் மறக்கக்கூடாத பெயர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அவரும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் மருந்து இறக்குமதி பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார்கள். ஒரே மருந்து பல பெயர்களில் பல விலைகளில் நாட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த அந்தப் பட்டியல் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்குப் பிபிலே முதல் தலைவரானார். முழு நாட்டுக்கும் தேவையானதை ஒரே கை உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி வாங்கியது. கம்பனி சூட்டிய பெயரால் வாங்காமல் மருந்தின் சொந்தப் பெயரால் வாங்கியது. விலை இறங்கியது.

இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. விவசாயிக்கு இது நன்றாக விளங்கும். யூரியா யூரியாதான். பையில் எந்தக் கம்பனியின் படம் இருந்தாலும் உள்ளே 46 வீதம் நைதரசன் இருக்க வேண்டும், அவ்வளவே. படத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பவரைப் பார்த்து நாம் சிரிப்போம். ஆனால் பாமசியில் நாமே அதைத்தான் செய்கின்றோம். பனடோல் என்பது ஒரு கம்பனி வைத்த பெயர், உள்ளே இருப்பது பரசிட்டமோல். சீனிக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின், பிரஷருக்குக் கொடுக்கும் லோசார்டன், கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கும் அட்டோர்வஸ்டட்டின், இவை ஒவ்வொன்றும் பல கம்பனிப் பெயர்களில் பல விலைகளில் விற்கப்படுகின்றன. பையைப் பார்த்து வாங்கினால் மண்ணும் கலந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் பதிவும் பரிசோதனையும் செய்யும் ஓர் அதிகாரசபை வேண்டியிருக்கிறது. தரத்தைச் சோதிக்கும் அரசாங்கம் இல்லாமல் மலிவு மருந்து இல்லை.

பெரிய கம்பனிகள் பிபிலேயின் வழியை விரும்பவில்லை. 1974இல் நாட்டில் கொலரா பரவியது. டெட்ராசைக்கிளின் மருந்தை வேறிடத்தில் மலிவாக வாங்கிய கூட்டுத்தாபனம், அதைக் கப்ஸ்யூல் ஆக்கித் தருமாறு இங்கே தொழிற்சாலை வைத்திருந்த ஃபைசர் நிறுவனத்திடம் கேட்டது. நிறுவனம் இணங்கவில்லை. அரசாங்கம் தலையிட முனைந்தபோது அமெரிக்கத் தூதுவரே பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவிடம் பேசினார். கடைசியில் செய்து முடித்த கப்ஸ்யூல்களை விமானத்தில் அதிக செலவில் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1977இல் ஆட்சி மாறியது, இறக்குமதி மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பிபிலே தூர தேசமாகிய கயானாவில் காலமானார். அவர் விதைத்தது வெளியே முளைத்தது. உலக சுகாதார நிறுவனம் 1977இல்தான் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. பங்களாதேசம் 1982இல் தேவையற்ற மருந்துகளை ஒதுக்கிய தனது மருந்துக் கொள்கையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு 1994இல் மருத்துவ சேவைக் கழகம் ஒன்றை அமைத்து, அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டியதை மருந்தின் சொந்தப் பெயரால் மொத்தமாக வாங்கத் தொடங்கியது. அங்கே முகாம்களில் இருந்து திரும்பிய நமது உறவினர்களுக்கு அந்த ஆஸ்பத்திரிகள் பழக்கமானவை.

விலைக் கட்டுப்பாடும் 2022உம்

2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்டது. சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் ஆகியவற்றுக்கான குளிசைகள் அவற்றுள் இருந்தன. நோயாளிக்கு அது பெரிய ஆறுதல், அதில் சந்தேகமில்லை. பின்பு பட்டியல் நீண்டது.

ஆனால் நமது மருந்துகளில் 80 வீதத்துக்கு மேல் பிற நாடுகளிலிருந்து வருகின்றன. டொலர் ஏறினால் மருந்தும் ஏறும். 2022இல் ரூபா விழுந்தபோது மார்ச்சில் 29 வீதமும், ஏப்ரல் இறுதியில் அறுபது மருந்துகளுக்கு 40 வீதமும் விலை கூட்ட அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. உடப்புக் கரையில் படகு இறங்காவிட்டால் கரையில் யாருக்கும் கூலி இல்லை. வருமானம் நின்ற மாதத்தில் மருந்து விலை கூடியது. 2023 ஜூனில் அறுபது மருந்துகளுக்கு 16 வீதம் குறைக்கப்பட்டது. ஏறியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்பதை வாசகர்களே கூட்டிக் கழித்துப் பார்க்கலாம்.

இந்தக் காலத்தில் சிறு கடைக்கு நடந்ததை அதிகம் பேர் கவனிக்கவில்லை. விதைவெங்காயம் விற்ற அனுபவம் உள்ளவருக்கு இது புரியும். பழைய விலைக்குச் சரக்கை விற்றுவிட்டு, புதிய விலைக்குச் சரக்கை எடுக்கப் போனால் கையில் உள்ள பணத்துக்குப் பாதிதான் கிடைக்கும். அடுத்த முறை அதிலும் பாதி. பெரிய கடைக்கு வங்கி இருக்கிறது, விநியோகஸ்தர் கழிவு கொடுக்கிறார், கடனுக்கும் கொடுக்கிறார். சின்னவர் ரொக்கம் கொடுத்து அட்டை அட்டையாக எடுக்கிறார். உச்ச விலை இருவருக்கும் ஒன்றுதான், வாங்கும் விலை ஒன்றல்ல. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்டபோது குளிர்சாதனப் பெட்டியில் இருந்த இன்சுலினுக்கு என்ன நேர்ந்தது? ஜெனரேட்டர் வைத்திருந்தவர் காப்பாற்றிக்கொண்டார். இல்லாதவர் எறிய வேண்டும், அல்லது எறியாமல் விற்க வேண்டும். இரண்டாவதைச் செய்தவர் எத்தனை பேர் என்பதைக் கடவுள்தான் அறிவார்.

சட்டம் கடுமையாக நடப்பது எப்போதும் சின்னவரிடமா என்ற கேள்வியும் மக்களிடம் உண்டு. அது எழக் காரணம் இருக்கிறது. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபியுலின் மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கே வழங்கப்பட்ட விவகாரம் வெளிவந்தது. அது தொடர்பான விசாரணையில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். சந்திக்கடையில் ஒரு போத்தல் காலாவதியாகிவிட்டதா என்று பரிசோதகர் பார்ப்பது அவசியம்தான். துறைமுகத்தில் கப்பலோடு வருவதை யார் பார்த்தார்கள் என்பதும் அதேயளவு அவசியம்.

நல்ல நோக்கத்தோடு ஆயத்தமில்லாமல் போடப்படும் கட்டளை எப்படி முடியும் என்பதை விவசாயக் குடும்பங்கள் அண்மையில்தான் அனுபவித்தன. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் தடுக்கப்பட்டது. மண்ணைக் காக்க வேண்டும், உடலைக் காக்க வேண்டும் என்று சொன்னார்கள். மண்ணைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கு மறுப்பு? சேதனப் பசளை எங்கே, எவ்வளவு, யார் தருவது என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. நவம்பரில் தடை நீங்கியது, அதற்குள் பெரும்போகம் பாழாகிவிட்டது. திரும்பிப் போய் முதன்முதலாக வயல் விதைத்த குடும்பங்கள் சில அந்தப் போகத்தோடு மீண்டும் கடனில் விழுந்தன. மருந்தாளர் நிபந்தனையும் அதே வழியில் போய்விடக் கூடாது என்பதே நமது கவலை. கடையை மூடச் சொல்வது ஒரு கடிதத்தால் முடியும். மூடிய ஊரில் மருந்து கிடைக்கச் செய்வது கடிதத்தால் முடியாது.

என்ன செய்யலாம்?

முதலில், நிபந்தனையைத் தளர்த்துமாறு கேட்க வேண்டாம். செலவைப் பகிருமாறு கேட்போம். தமிழ்நாட்டில் 2025 பெப்ரவரியில் முதல்வர் மருந்தகம் என்ற பெயரில் ஆயிரம் கடைகள் திறக்கப்பட்டன. மருந்தியல் படித்த இளைஞர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றை நடத்துகின்றன, அரசாங்கம் ஆரம்ப மானியம் கொடுத்து மலிவு மருந்தையும் வழங்குகிறது. அங்கே மருந்தாளர் வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது, அவர் கடையைத் திறப்பதற்குக் கைகொடுப்பதும் இருக்கிறது. நமது நாட்டிலும் இதற்கு வழி இல்லாமலில்லை. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கடைகளைத் தனியார் முகவராக எடுத்து நடத்தும் முறை ஏற்கனவே உள்ளது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. பெரிய நகரங்களில் மூன்றாவது நான்காவது கடை திறப்பதற்கு முன்னர், உடப்பு போன்ற கரையோர ஊர்களை இத்திட்டத்தில் முதலில் சேர்க்குமாறு பிரதேச அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் கேட்கலாம். அடுத்தடுத்த இரண்டு மூன்று ஊர்ச் சிறு கடைகள் நேரம் பிரித்து ஒரு மருந்தாளரைச் சட்டப்படி வைத்துக்கொள்ள இடமளிக்குமாறும் கேட்கலாம். காலையில் ஓரூர், பின்னேரம் மற்ற ஊர். மருந்தாளர் நிற்கும் நேரத்தில் மட்டும் துண்டு மருந்து கொடுப்பது. சுவரில் தொங்கும் வாடகைச் சான்றிதழைவிட அது நூறு மடங்கு மேல்.

அதுவரை காத்திருக்காமல் வீட்டிலேயே செய்யக்கூடியவையும் உண்டு. கிளினிக்கில் துண்டு தரப்படும்போதே, "டொக்டர், இதன் சாதாரணப் பெயரையும் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். கேட்கப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான வைத்தியர்கள் கோபிப்பதில்லை. கடையில், அதே மருந்தில் விலை குறைந்தது எது என்று கேளுங்கள். அட்டையில் அச்சிட்ட விலையையும் திகதியையும் பாருங்கள், கண் தெரியாதவர் பேரப்பிள்ளையைக் கூட்டிப் போகலாம். பில் கேளுங்கள். ஒன்று முக்கியம்: காசு போதாது என்று பிரஷர்க் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடாதீர்கள். சில குளிசைகளைப் பாதியாக உடைக்கவும் கூடாது, உடைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். காசு இல்லை என்பதை வைத்தியரிடமே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்த ஒரு தாயை நாம் அறிவோம். மாதக் கடைசியில் பாதிக் குளிசை போட்டு வந்தார். பக்கவாதம் வந்தபின்தான் பிள்ளைகளுக்கே அது தெரிந்தது. மலிவான மாற்று மருந்து இருக்கிறது என்று அவருக்கு அதற்கு முன் யாரும் சொல்லியிருக்கவில்லை.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வரவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று பெற்றோர் எண்ணுகின்றார்கள். யாழ்ப்பாணம், பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களில் மருந்தியல் பட்டப்படிப்பு இருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைக்காதவர், பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ்ப் பயிற்சி பெற்று, இலங்கை மருத்துவக் கல்லூரிப் பேரவை நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்து மருந்தாளராகும் வழியும் உண்டு. மருந்தின் பெயரும் புத்தகமும் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலத்தை இப்போதே தொடங்க வேண்டும். சிலாபத்திலும் புத்தளத்திலும் மருந்தாளர் நிற்கும் கடைகளில் பயிலுனரை எடுப்பார்களா என்று நேரில் போய் விசாரிக்கலாம். ஏற்கனவே கவுண்டரில் உதவியாளராக நிற்கும் பெண்பிள்ளைகள் இதை முதலில் யோசிக்கலாம். மருந்துகளின் பெயர் அவர்களுக்குப் பாதிக்கு மேல் தெரிந்திருக்கிறது, இரவு வகுப்புக்கு ஓர் ஆசிரியரும் பஸ்சுக்குக் காசும்தான் குறை. வகுப்புக்கு இடம் தர ஊரில் வாசிகசாலையோ மண்டபமோ இருந்தால், மாலை நேரத்தில் கேட்டுப் பார்க்கலாம்.